குசினி வாசலில் கிளடிஸ்

"பெரிய வெள்ளியும் அதுவுமா, உந்த வெள்ளைச் சட்டைக்கு என்னத்துக்கு அயன் போடுறாய்?"

றோஸ்மேரி படிக்கட்டில் இறங்கி வருவதற்கு முன்னமே அவளுடைய குரல் இறங்கி வந்துவிட்டது. கிளடிஸ் நிமிரவில்லை. மச்சாள் பதில் தெரியாமல் கேட்கிற ஆள் இல்லை. ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் அந்தச் செங்கல் வீட்டில் நாலு வருசமாகக் காலைகள் இப்படித்தான் விடிகின்றன.

றோஸ்மேரி, கிளடிஸின் புருசன் பஸ்ரியனுக்கு மூத்த அக்கா. எழுபத்தி நாலிலேயே கனடாவுக்கு வந்து, முதியோர் இல்லத்தில் மாடாய் உழைத்து, விதவையான பிறகும் தளராமல் நின்று வீடு வாங்கியவள். எண்பத்தி நாலில் தம்பியையும் மனுசியையும் கூப்பிட்டு மேல் அறையைக் கொடுத்தவளும் அவள்தான். அந்த நன்றியைக் கிளடிஸ் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்க விட்டால்தானே!

"வேலைக்கு, மச்சாள்."

"இண்டைக்கோ? ஆண்டவர் சிலுவையில தொங்கிற நாளிலயோ? அதுவும் அவரைக் கொலை செய்தவங்கட இடத்துக்கோ!"

கிளடிஸ் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சோபாவில் இருந்த புருசனைப் பார்த்தாள். பஸ்ரியன் யன்னலுக்கு வெளியே கரைந்துகொண்டிருந்த பனிச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று மத்தியானத்திலிருந்து அவன் அவளோடு ஒரு சொல் பேசவில்லை. இரவு வேலையையும் கேட்டு வாங்கிச் செய்துவிட்டு, விடியத்தான் வீட்டுக்கு வந்திருந்தான். அக்காவின் வாயை விட அந்த மௌனம்தான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

பதேஸ்ட் வீதியில் இருக்கிற யூதச் செபக்கூடத்தில்தான் கிளடிஸுக்கு வேலை. முதலில் நிலம் துடைக்கப் போனவள், இப்போது குசினி முழுக்க அவள் கையில். மன்னாரில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர் அவள். "ரொறொன்ரோவில ஆரோ வீட்டுக் கோப்பை கழுவுறாள்" என்று றோஸ்மேரி கோயில் வாசலில் நின்று நாலு பேருக்குச் சொல்வதும் அவளுக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் குசினி இலேசுப்பட்ட இடம் இல்லை. இறைச்சிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு இன்னொரு பாத்திரம். கரண்டி மாறினால் கதை முடிந்தது! அதிலும் அவர்களுடைய பாஸ்காத் திருநாள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எட்டு நாளைக்கு அந்தச் சனத்துக்குப் பாண் இல்லை, கேக் இல்லை, பிஸ்கட் இல்லை. புளியாத அப்பம் மட்டும்தான். அந்த அப்பத்தைத் தவிர, கோதுமை மாவின் ஒரு துகள்கூட உள்ளே இருக்கக் கூடாது. இரண்டு கிழமையாகக் கிளடிஸ் அலுமாரி ஒவ்வொன்றையும் சுரண்டிக் கழுவி, பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கி, மேசைகளுக்கெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தாள். புதன்கிழமை அவர்களுடைய குருவானவர் வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, சாவியை அவள் கையில் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை உன்னைத் தாண்டி உள்ளே ஒன்றும் போகக் கூடாது" என்றார். முந்நூறு பேருக்குச் சாப்பாடு. பின்னே, சாவி சும்மா கிடைக்குமா?

அவள் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. எண்பத்தி ஐந்து தையில் அவளுடைய தம்பி இக்னேசியஸை மன்னாரில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சுட்டுப்போட்டார்கள் என்று கடிதம் வந்தது. அந்தக் கிழமைதான் றோஸ்மேரி இந்த வீட்டை ஆசீர்வதிக்கச் சுவாமியாரைக் கூப்பிட்டிருந்தாள். "நல்ல காரியம் நடக்கிற வீட்டில ஒப்பாரி வைக்காதை, பிள்ளை" என்றாள். கிளடிஸ் வாயைப் பொத்திக்கொண்டு வடை சுட்டாள். அழுகையைக் கொண்டுபோய் இறக்கி வைத்தது செபக்கூடத்தின் களஞ்சிய அறையில்தான். சபைத் தலைவர் லேவின் என்ற கிழவர் அதைக் கண்டுவிட்டார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. "அவருடைய பெயர் என்ன?" என்றுதான் கேட்டார். அடுத்த நாள் ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாசில் மெழுகுதிரி ஒன்றை ஏற்றி அவளுக்கு முன்னால் வைத்தார். ஒரு பகலும் ஓர் இரவும் அது எரிந்தது. லேவினுக்கே அப்படி மெழுகுதிரி ஏற்றவேண்டிய ஆள்கள் குடும்பத்தில் பதினாலு பேர் இருந்தார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியும். ஜெர்மன்காரன் ஒருவரையும் மிச்சம் விடவில்லை.

நேற்று, பெரிய வியாழன் மத்தியானம் நடந்ததுதான் இந்த வினை.

பஸ்ரியனுக்குப் பாண் பக்டரியில் வேலை. மனுசி காலமை ஒன்றும் சாப்பிடாமல் ஓடிப்போனாளே என்று, வேலை முடிந்த கையோடு சூடான பணிஸ் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு, முதல் தடவையாக அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனான். தலைமயிரில் மா. சட்டையில் மா. சப்பாத்தின் மடிப்பெல்லாம் மா. சிரித்துக்கொண்டே குசினிக் கதவைத் தள்ளித் திறந்தான்.

"நில்லுங்கோ! உள்ள வராதேங்கோ!"

கிளடிஸ் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விளக்கம் சொல்ல வாய் திறக்க முன்னம், பஸ்ரியன் பையைப் படியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த முகத்தை அவள் முன்னரும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பேசாலையில் வலை இழுக்கிற குடும்பம் என்று சொல்லி, அவளுடைய அப்பா அவனைத் தங்கள் வீட்டுக் கேற்றடியில் நிறுத்தி வைத்துப் பேசிய நாளில். அன்று அப்பாவின் கையை உதறிவிட்டு, உடுத்த சேலையோடு அந்தக் கேற்றைத் தாண்டி அவன் பக்கம் வந்தவள் அவள். அதற்குப் பிறகு அந்த வீட்டு முற்றத்தை அவள் மிதிக்கவேயில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட அவளை உள்ளே விடவில்லை!

"நான் கேக்கிறன், நீ கல்லுமாதிரி நிக்கிறாய்!" றோஸ்மேரி கிட்ட வந்துவிட்டாள். "தம்பி, நீயாவது வாயைத் திறவன்ரா!"

பஸ்ரியன் யன்னலை விட்டுத் திரும்பினான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்னத்தை அக்கா சொல்ல... ஊரில பெரிய வீட்டுக்காரர் எங்கட அப்பாவைக் குசினி வாசல்ல நிப்பாட்டித்தான் மீன் வாங்கினவை. அவருக்கு ஒரு கோப்பை தண்ணிகூட உள்ள கூப்பிட்டுக் குடுத்ததில்லை. கனடாவுக்கு வந்து... என்ர மனுசி என்னை நிப்பாட்டினாள்! அவ்வளவு பேருக்கு முன்னால!"

"ஐயோ, உங்களில மா இருந்ததப்பா! பாஸ்காக் குசினிக்க மா போகேலாது. ஒரு துகள் விழுந்தாலும் சமைச்சதெல்லாம் வெளியில கொட்டவேணும். முந்நூறு பேற்றை சாப்பாடு..."

"மாவாம்!" றோஸ்மேரி கையை உதறினாள். "கேட்டியே தம்பி கதையை! மாவுக்கும் ஒரு தீட்டாம்! நீ என்ன, அதுகளின்ர வேதத்துக்கு மாறிப்போட்டியோ?"

"மச்சாள், குருத்தோலை ஞாயிறுப் பூசையில என்ன வாசிச்சவை? ஆண்டவர் சீடரை அனுப்பி ஒரு சாப்பாடு ஆயத்தம் செய்விச்சாரெல்லே, அது என்ன சாப்பாடு? பாஸ்கா! அவர் ஆர்? மாதா ஆர்? அந்தச் சனம்தானே! அவர் கடைசியா இருந்து சாப்பிட்ட சாப்பாட்டைத்தான் நான் சமைக்கப் போறன். அதில பாவம் எங்க இருக்கெண்டு சொல்லுங்கோ, நான் முழங்காலில நிண்டு கேக்கிறன்!"

றோஸ்மேரி செபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். பதில் கிடைக்காவிட்டால் அதிகாரம் காட்டுவதுதானே வழக்கம்!

"என்ர வீட்டில இருந்துகொண்டு எனக்கே ஞானோபதேசமோ? சொல்லிப்போட்டன். இண்டைக்கு நீ அங்க வேலைக்குப் போனால், திரும்பி இந்த வாசல்படி ஏறப்படாது. அந்தக் குசினியோ, இந்த வீடோ... நீயே யோசி!"

பஸ்ரியன் எழுந்து நேற்றைய ஜாக்கெற்றை மாட்டிக்கொண்டான். "காரில ஏறும்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "அக்காவையும் சிலுவைப்பாதைக்குக் கொண்டுபோகவேணும். உம்மை அங்க இறக்கிறன். சாவியைக் குடுத்திட்டு உடனை வாரும். கார் ஓடிக்கொண்டு நிக்கும்."

"காரில ஏறுறன். ஆனால் சாவி குடுக்கிறதுக்கில்லை," என்றாள் கிளடிஸ். "சொல்லிப்போட்டுத்தான் ஏறுறன்."

கார் புறப்பட்டது. முன்னுக்கு இருந்த றோஸ்மேரி செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். இருபது நிமிச ஓட்டத்தில் எத்தனை தேவரகசியம் முடித்தாளோ, அவளுக்கே தெரியாது. பின்னுக்கு இருந்த கிளடிஸ் குசினிச் சாவியை மடியில் வைத்திருந்தாள். அழுகை வந்தது. வந்ததை விழுங்கினாள். இன்றைக்கு அழுதால், பிழை செய்தவள் அழுகிறாள் என்றுதான் இவர்கள் நினைப்பார்கள்!

செபக்கூடத்தின் முன் பலகையில் வரப்போகிற காரியங்களெல்லாம் ஒட்டியிருந்தன. இன்று மாலை பாஸ்கா விருந்து, ரஷ்யாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கிலிஸ் வகுப்பு, ஜெர்மன்காரன் கொன்றவர்களுக்கான நினைவுக் கூட்டம், வைகாசியில் பெண்கள் சங்கத்துச் சந்தை. பஸ்ரியன் காரைப் பின்பக்கம் கொண்டுபோனான். குசினிக் கதவடியில் காரை நிறுத்தியவன், எஞ்சினை நிறுத்தாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பூட்டிய கதவுக்கு வெளியே, குளிரில், ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். நல்ல விலை உயர்ந்த ஓவர்கோட். அதன் பொக்கெற்றுகள் இரண்டும் வெளியே இழுத்து விடப்பட்டு, நாய்க்காதுபோலத் தொங்கின. களுசான் பொக்கெற்றுகளும் அப்படியே. கிளடிஸ் இறங்கியதும் அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"இன்றைக்கு ஒன்றும் இல்லை, கிளடிஸ்! நீயே பார்! என் மனைவியும் பார்த்துவிட்டாள்!"

காருக்குள் பஸ்ரியனின் கை ஸ்ரியறிங்கை விட்டு நழுவியது. கிழவர் அவனைக் கண்டுவிட்டு யன்னலடிக்கு வந்தார்.

"நீங்கள்தானே இவளுடைய கணவர்? நான் லேவின். இந்தச் சபையின் தலைவர். புதன்கிழமை என் கோட்டுக்குள் பேரப்பிள்ளை வைத்த ஒரு பிஸ்கட் இருந்தது. கழுத்தைப் பிடிக்காத குறைதான்! வெளியே துரத்திவிட்டாள். நேற்று உங்களையும் துரத்தியதாகக் கேள்விப்பட்டேன். என்னைத் துரத்தியதற்கு அவள் அழவில்லை. உங்களைத் துரத்திவிட்டுக் களஞ்சிய அறைக்குள் இருந்து ஒரு மணிநேரம் அழுதாள்."

அவர் குசினிக் கதவைக் கையால் காட்டினார். "இன்றைக்கு வருகிறவர்களில் நாற்பது பேர் ரஷ்யாக்காரர்கள். அறுபது வயதிலும் ஒரு பாஸ்காவுக்கு இருந்து சாப்பிட்டதில்லை. அங்கே விடமாட்டார்கள். உங்கள் மனைவி அந்த வாசலில் நின்றபடியால்தான் இன்றைக்கு அவர்கள் சாப்பிடப் போகிறார்கள்."

பக்டரி இங்கிலிஸில் பஸ்ரியனுக்குப் பாதி விளங்கியது. மீதியைத் தொங்கிக்கொண்டிருந்த பொக்கெற்றுகள் விளங்கப்படுத்தின. கார்க் கதவைத் திறந்து இறங்கி, மனுசியை நோக்கி நாலு அடி நடந்தவன் சட்டென்று நின்றான். தன் ஜாக்கெற் பொக்கெற்றுக்குள் கையை விட்டு மெல்ல வெளியே இழுத்தான். தையலுக்குள் ஒளிந்திருந்த மா வெள்ளையாகக் கொட்டி, நிலத்து ஈரத்தில் விழுந்தது.

கிளடிஸ் அவனிடம் ஓடிவந்தாள்.

"கிட்ட வராதையும்!" அவன் தானே இரண்டு அடி பின்னுக்குப் போனான். குரல் உடைந்திருந்தது. "என்னில மா இருக்கு... உம்மட சட்டையில பட்டிடும்..."

ஜாக்கெற்றைக் கழற்றிக் காரின் மேல் எறிந்தான். கையை, கழுத்தை, தலைமயிரையெல்லாம் கைலேஞ்சியால் துடைதுடையென்று துடைத்தான். அந்தக் குளிரில் வெறும் சேர்ட்டோடு நின்று, சின்னப் பிள்ளைபோலக் கையை நீட்டிக் காட்டினான். "இப்ப... இப்ப வரலாமோ?"

"ஐயோ, என்ர ராசா..." என்று அவன் நெஞ்சில் விழுந்துவிட்டாள் கிளடிஸ். இவ்வளவு நேரமும் விழுங்கி வைத்த அழுகையெல்லாம் இப்போதுதான் வந்தது. "உங்களுக்காக என்ர அப்பன்ர கேற்றையே தாண்டி வந்தவள் நான். உங்களை நான் தீட்டெண்டு நிப்பாட்டுவனோ... எப்பிடியப்பா நினைச்சியள்!"

"நினைச்சிட்டன்... மன்னிச்சுக்கொள்ளும்... புத்தி கெட்டுப்போச்சு..."

றோஸ்மேரியும் காரை விட்டு இறங்கி நின்றாள். செபமாலை கையில் அப்படியே கிடந்தது. கிளடிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தாள்.

"மச்சாள், வீட்டில ஒரு சொல் சொன்னியள். கொலை செய்தவங்கள் எண்டு. என்ர தம்பிக்கு மெழுகுதிரி ஏத்தின மனுசன் அந்தா நிக்கிறார். குடும்பத்தில பதினாலு பேரைச் சாகக் குடுத்தவர். அவற்றை முகத்தைப் பாத்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ, பாப்பம்!"

றோஸ்மேரி கிழவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் விளங்காமல், மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார்.  முதியோர் இல்லத்தில் சாகக் கிடந்த எத்தனை கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் அவள்!

"சொல்லமாட்டன், பிள்ளை... இனிச் சொல்லமாட்டன்..."

"அப்ப இன்னொண்டும் இருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு வேலை முடியும். நாளைக்கும் விருந்து இருக்கு, நாளைக்கும் வருவன். வாற வருசமும் வருவன். நான் இண்டைக்கு எந்த வீட்டுக்குத் திரும்பி வாறதெண்டு, இப்ப, இந்த இடத்தில சொல்லுங்கோ!"

"உன்ர வீட்டுக்குத்தானடி வருவாய்!" றோஸ்மேரி வெடித்து அழுதாள். கிளடிஸின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "வேற எங்க போவாய்! தம்பி செத்த நேரமும் உன்னை அழவிடேல்லை நான், பாவி... வீட்டை வா. என்ர வீட்டில இருந்து எவ்வளவு நேரமெண்டாலும் அழு..."

கிளடிஸ் அந்தத் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றாள். பிறகு நேரத்தைப் பார்த்தாள். பத்தரை! கோழி இன்னும் அடுப்பில் ஏறவில்லை. சேலைத் தலைப்பு இல்லாத நாட்டில் சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மா ஒட்டியிருக்கிறதோ என்று தன் சட்டையையும் உதறிப் பார்த்து, அவர்களைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுக் கதவடிக்குப் போனாள். சபைத் தலைவர் இன்னும் பொக்கெற்றுகளைத் தொங்கவிட்டபடி காத்துக்கொண்டு நின்றார். அவள் ஒவ்வொரு பொக்கெற்றுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தாள். தொப்பியையும் கழற்றச் சொல்லி, உதறிப் பார்த்த பிறகுதான் அவரை உள்ளே விட்டாள்.