மூன்று விரல் இடைவெளி

காலையில் நான்கு விரல் அளவு திறந்திருந்த ஓவியத்துக் கதவு, மதியத்தில் மூன்று விரலாகியிருந்தது. ஃபிரேம் கடைக்காரருக்கு அளவில் பிசகு வராது. கண்ணாலேயே அளந்துவிடுவார், டேப்பை எடுப்பது வாடிக்கையாளரின் மனநிறைவுக்கு.

பயங்களைப் பற்றிய கண்காட்சிக்கான ஏழு படங்கள் ஃபிரேம் போட வந்திருந்தன. சிலந்திப் பயத்துக்குச் சுவரெல்லாம் கால்கள். உயரப் பயத்துக்கு அடியே இல்லாத படிக்கட்டு. ஏழாவதில் மட்டும் வெறும் அறை, கொஞ்சமாய்த் திறந்த கதவு.

"இதுல என்னம்மா பயம்? கதவுதான் திறந்திருக்கே?" என்று வரைந்தவளிடம் கேட்டிருந்தார்.

"அடைஞ்ச இடத்துக்குப் பயப்படுறவங்க கதவைத்தானேண்ணே பார்ப்பாங்க? நான் வந்ததுலேர்ந்து நீங்களே நாலு தடவை திரும்பிப் பார்த்துட்டீங்க."

சிரித்து மழுப்பினார். லிஃப்டில் ஏறாதவர் அவர். கடைக்கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துத்தான் வேலை செய்வார். மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். "பொறந்தப்பவே வெளிய வர அவசரப்பட்டிருப்பீங்க" என்பாள்.

பசை வாடையும் மரத்தூள் நெடியும் வழக்கத்தைவிடக் கனமாக மூக்கில் அடைக்க, தெருவின் ஹாரன் சத்தம் கம்பளிக்குள் சுற்றியதுபோல மங்கிக்கொண்டே வர, அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டு விரல்.

கடைக்கதவைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் இரண்டு விரல்தான். தரையில் கல் நகர்ந்த கீறல்.

ஓடிப்போய் இழுத்தார். அசையவில்லை. இடைவெளியில் கைகூட நுழையவில்லை.

பதறிய மூளை கணக்குப் போட்டது. படம் அசைவதால்தானே கதவும் அசைகிறது? கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் இறுக்கிவிட்டால் எந்தப் படம் அசையும்? இத்தனை வருடத்தில் ஒன்றுகூட நழுவியதில்லையே.

கண்ணாடியைப் பொருத்தினார். வழக்கம்போலப் படத்தைக் கவிழ்த்துப் போட்டார். பின்பலகையை வைத்து முதல் ஆணியை அடித்தார்.

தெருச்சத்தம் நின்றது.

இரண்டாவது ஆணி. மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை.

மூன்றாவது. வெளிச்சம் தட்டையானது.

நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. நான்காவது.

கதவுக்குப் பாய்ந்தார். மூடியிருந்தது. கைப்பிடியைப் பிடித்தார். விரல்கள் வழுக்கின. சுவரோடு சுவராக, விளிம்பே இல்லாத கதவு. உள்ளங்கையில் ஈரமான பழுப்புச் சாயம்.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில், மனைவியின் குரல். "ஏங்க... கடையைத் திறந்து போட்டுட்டு எங்க போனீங்க?"

கத்தப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"படத்தை வேற கவுத்துப் போட்டிருக்காரு," என்றாள் அவள். தரை மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. "அட, தத்ரூபமா இருக்கே! யாரோ ஒருத்தன்... பாவம், கதவுல கையை வெச்சுக்கிட்டு, முதுகைக் காட்டிட்டு நிக்கிறான்."

அவள் மூச்சின் ஆவி கண்ணாடியில் படர்ந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். மேலிருந்து கீழ்வரை. அவர் முதுகில்.