துண்டுக்கடியில் அறுபத்தொன்பது

பிள்ளையின் ரத்தத்தில் ஆக்சிஜன் "எழுபத்தொன்று" என்று சொல்லிவிட்டு, நீல விளக்கெரியும் அந்தத் தானியங்கித் தொட்டில் யாரையும் கேட்காமல் ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் கூட்டியது.

உள்ளே எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை வார்டையே எழுப்பும்படி அழுதுகொண்டிருந்தது. மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு தொண்டை ஏது என்று ரெஜினா சிஸ்டருக்குச் சந்தேகம். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்குதான் வைத்தியம். ஆனால் கல்லீரல் சோர்ந்த சில பிள்ளைகளை அதே விளக்கு வெண்கல நிறமாக்கிவிடும்; இந்தப் பிள்ளையும் அப்படித்தான் ஆகியிருந்தது. ஒளி பாய்ச்சி ஆக்சிஜனை அளக்கும் தொட்டில் அந்த நிறத்தில் ஏமாந்து குறைத்துச் சொல்லும். ஒரு துளி ரத்தம் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால், எண்பதுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஊசியால் தொடக்கூடாது என்பது தொட்டிலின் விதி. ஊசி அலமாரியின் பூட்டும் அதன் வசம்தான்.

"ஆக்சிஜன் ஏறிப்போனா என்னாகுமுங்க?" என்றார் அப்பன் நாச்சிமுத்து. மாட்டுத் தரகர், சந்தையிலிருந்து நேரே வந்தவர்.

"கண்ணு போயிரும்ணா."

பெற்றவர்கள் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடைய, தொட்டிலுக்கு ஒரு மெத்தென்ற கை உண்டு. நாச்சிமுத்து தோள் துண்டை அதன்மேல் போட்டார். அடியில் கைவிட்டு, மாட்டுக்கு விலை பேசும் சந்தை வழக்கப்படி விரல்களை அழுத்தித் தொண்ணூறு கேட்டார்.

தொட்டிலுக்கு விரல்பேரம் தெரியாது. தொட்டவரை அளக்கத்தான் தெரியும்.

"அறுபத்தொன்பது. உங்கள் நிலை கவலைக்கிடம். உடனே படுக்கவும்" என்றது. மேலிருந்து ஓர் ஆக்சிஜன் முகமூடி இறங்கியது.

சிஸ்டர் துண்டை இழுத்தார். பத்து விரலிலும் நகம் வரை செப்புநிறச் சாயம். காலையில் கிழட்டு எருதை இளசாகக் காட்ட அதன் கொம்புக்குப் பூசியது.

"இந்தச் சாயத்துல ஏமாந்த யாவாரி ஆயிரம் பேருங்க. மிஷினு இன்னைக்குத்தான்" என்றவர், ஸ்பிரிட்டில் ஒரு விரலைத் துடைத்து மறுபடி நீட்டினார்.

"தொண்ணூற்றேழு."

ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. தொட்டில் தன் அளவையே சந்தேகித்து ஊசி அலமாரியைத் திறந்தது. பிள்ளையின் ரத்தம் தொண்ணூற்றொன்பது காட்டியது. சிஸ்டர் பாய்ந்து ஆக்சிஜனைக் குறைத்தார். கண் தப்பியது.

கற்றுக்கொள்வதில் தொட்டில் கெட்டி. மறுநாள் காலை, "தொண்ணூற்று மூன்று" என்றது. பிறகு அப்பனிடம் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு எவ்வளவு இருந்தால் கட்டுப்படியாகும்?" என்று கேட்டது.

வாழ்நாளில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியிராத நாச்சிமுத்து, கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், நீங்க ரத்தத்தையே எடுத்துப் பாத்துருங்க."