ஏழாம் தடத்துப் பேருந்து

டைம்கீப்பர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பொறியாளருக்கு வெட்கமாக இருந்தது. நூற்றிருபது மின்சாரப் பேருந்துகளுக்கான பணிமனையைக் கட்டிக்கொண்டிருப்பவள் அவள். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள், தரைக்கடியில் மழைநீர்த் தொட்டி, தடத்துக்குத் தடம் செடிவரிசை. அதையெல்லாம் வரைந்த கையைப் பிசைந்துகொண்டு, பேய்க்கு வழி கேட்டு வந்து நிற்கிறாள்.

டைம்கீப்பர் முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் வண்டிகள் வரும் நேரமும் போகும் நேரமும் எழுதியவர். சாக்குச் சொல்லும் ஓட்டுநர்களை நேரத்தை வைத்தே மடக்கிப் பெயர் வாங்கியவர். ஓய்வுபெற்ற பிறகு, விடை தெரியாத சங்கதி எதுவானாலும் ஜனங்கள் அவரிடம்தான் கொண்டுவருவார்கள்.

"சொல்லுங்கம்மா," என்றார். பக்கத்தில் அவர் மச்சினன், செல்போன் ரிப்பேர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தவன், நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான்.

"நாப்பது நாளைக்கு முன்னாடி எங்க டெப்போவுல ஒரு சாவு. செடிகளுக்குத் தண்ணி ஊத்துற அம்மா. செடியக்கான்னு கூப்பிடுவோம். தண்ணிக் கேனோட ஏழாம் தடத்துக்கு முதுகைக் காட்டிட்டு நின்னிருக்காங்க. அங்கிருந்து கிளம்பின பஸ் மோதிடுச்சு. பதினொண்ணு இருபது. ஆம்புலன்ஸுக்கு நான்தான் கூப்பிட்டேன், போன்ல நேரம் இருக்கு. டிரைவர் கவனிக்கலைன்னு அறிக்கை கொடுத்தேன். அவரை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"இப்ப என்ன தொந்தரவு?"

"திறப்பு விழாவுல அந்த பஸ் நிக்கக் கூடாதாம். கம்பெனிக்கு ஓட்டிட்டுப் போய் மாத்திக்கணும். அதுக்கு நடுவுல நிக்காம முழுசா சார்ஜ் ஏத்தணும். தினமும் பத்திலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்தான் அதுக்குக் கரன்ட் லைன் கிடைக்கும். ஒன்பது நாளா, பதினொண்ணு இருபதானா நின்னுடுது. யாரோ சார்ஜ் கம்பத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்குறாங்க. போய்ப் பாத்தா ஆளில்லை. ஆனா அந்தம்மா வளர்த்த செடிங்களுக்கடியில மட்டும் மண்ணு ஈரமா இருக்கு. தண்ணி ஊத்த நான் யாரையும் வைக்கலை."

இன்னொன்றை அவள் சொல்லவில்லை. இப்போதெல்லாம் தெருவில் நாலடி நடந்தால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் எதுவும் வருவதில்லை. வந்தாலும் தெரியாது என்ற எண்ணம்தான் அவளை விடாமல் துரத்தியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் பணிமனைக்குள் நுழைந்தார்கள். ஆட்கள் எல்லாரும் ஏழாம் தடத்துக்கு எதிர்க் கோடியில் ஒதுங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். டைம்கீப்பர் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். தன் மணிக்கட்டையும் பார்த்தார்.

எலக்ட்ரீசியன் அங்கே ஒரு சார்ஜ் கம்பத்தைத் திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். வாட்ச், மோதிரம், போன் மூன்றையும் ஒரு மரப்பெட்டியில் வைத்தார்.

"ஏன் தம்பி?" என்று டைம்கீப்பர் கேட்டார்.

"உடம்புல உலோகம் இருக்கக் கூடாது சார். இது வீட்டுக் கரன்ட் மாதிரி இல்லை, தூக்கிடும். காலையில கழட்டினா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பேன்."

அவருடைய கனத்த ரப்பர் பூட்ஸின் ஓரத்தில் சேறு ஒட்டியிருந்தது. மச்சினன் அதைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். அத்தான் கூரையைப் பார்த்தார்.

அலுவலக ஜன்னலில் நின்று காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. ஏழாம் கம்பத்தின் பச்சை விளக்கு அணைந்தது. இரண்டு பேருந்துகளின் உடம்புக்கு நடுவே மறைந்திருந்த அந்தக் கம்பத்துச் சந்திலிருந்து யாரும் வெளியே வரவில்லை. பொறியாளர் தன் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

டைம்கீப்பர் நிதானமாகக் கம்பத்தின் பதிவை வரவழைத்துப் பார்த்தார். இன்றோடு சேர்த்துப் பத்து நாளும் சார்ஜ் நின்ற நேரம் பதினொன்று எட்டு.

"அந்தக் கம்பத்துல நேரம் தப்பா இருக்கும்," என்றாள் அவள்.

"இருக்கலாம்," என்றார் அவர். "ஏழாம் பஸ்ல கொஞ்சம் சார்ஜ் இருக்கில்ல? சோதனை டிரைவரைக் கூப்பிடுங்க. மாப்ள, நீ தடங்களுக்கு முன்னாடி இருக்கிற கோட்டுல முதுகைக் காட்டிட்டு நில்லு. வண்டி வர்றது தெரிஞ்சா கையைத் தூக்கு."

முதலில் ஆறாம் பேருந்து நகர்ந்தது. மெல்லிய ரீங்காரம் எழுந்தது. பத்தடி தூரத்திலேயே மச்சினன் கையைத் தூக்கிவிட்டான். அடுத்து ஏழாம் பேருந்து. அவன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"அத்தான், எப்பதான் கிளப்புவீங்க?" என்று கேட்டபடி திரும்பினான். அரையடி தூரத்தில் பேருந்தின் முன்கண்ணாடி நின்றது. அதில் அவன் முகமே வெளிறித் தெரிந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஓட்டுநர்களுக்காகக் கட்டிய ஓய்வறையில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. பொறியாளர், எலக்ட்ரீசியன், வாசல் காவலர், சோதனை ஓட்டுநர் நால்வரையும் டைம்கீப்பர் அங்கே உட்கார வைத்தார்.

"கம்பத்து நேரமும் என் வாட்சும் ஒண்ணு. இந்த இன்ஜினியரம்மா போனும் அதே நேரம்தான். சுவர்க் கடிகாரம் மட்டும் பன்னெண்டு நிமிஷம் முந்தி ஓடுது. செடியக்கா போனது நிஜமான பதினொண்ணு இருபதுக்கு. அவங்க ஆவி வந்தா அந்த நேரத்துக்கு வரணும். இது பன்னெண்டு நிமிஷம் முன்னாடியே வருது. அப்படின்னா வர்றவர் சுவரைப் பாத்து மணி தெரிஞ்சுக்கிறவர். இங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு. காலை முழுக்க வாட்சும் போனும் இல்லாம இருக்கிறது ஒருத்தர்தான்."

டைம்கீப்பர் எலக்ட்ரீசியன் பக்கம் திரும்பினார்.

"கரன்ட் வேலை பாக்குறவர் ஈரத்துப் பக்கமே போக மாட்டார். இவர் பூட்ஸ்ல சேறு. ஏன் தம்பி?"

எலக்ட்ரீசியன் தலை குனிந்தார். "செடி வாடுறதைப் பாக்க முடியலை சார். காலையில வந்ததும் ஊத்திடுவேன்."

"பொத்தான்?"

"பஸ்ஸுங்களுக்குப் பின்பக்கமா வந்து நான்தான் அமுக்கினேன் சார். பஸ் கம்பெனிக்குப் போயிட்டா எல்லாத்தையும் துடைச்சு மாத்திடுவாங்க. அப்புறம் எதுவும் இருக்காது. பயந்தாவது அதை இங்கேயே விடுவாங்கன்னு..."

"எதுவும்னா எது?"

எலக்ட்ரீசியன் பொறியாளரை நேராகப் பார்த்தார். "மேடத்துக்குத் தெரியும்."

"எனக்கா?" என்றாள் அவள்.

"எஞ்சின் இல்லாத வண்டிம்மா இது," என்றார் டைம்கீப்பர். "மெதுவா போறப்ப ஆளுங்களுக்குத் தெரியணும்னு அதுவே ஒரு சத்தம் போடும். ஏழாம் பஸ்ல யாரோ அதை நிறுத்தி வெச்சிருக்காங்க."

"நீங்கதானே மேடம் சொன்னீங்க," என்றார் எலக்ட்ரீசியன். "அன்னிக்குக் காலையில போன் பண்ணி, பக்கத்து ஸ்கூல்ல பரீட்சை, ஏழாவதுல சத்தம் வராம பண்ணுங்கன்னு."

அவளுக்கு அந்தக் காலை அப்படியே திரும்பி வந்தது. தலைமையாசிரியரின் புகார். ஏழாம் தடத்தில் கான்கிரீட் அறுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் அலறல். படியிறங்கும் அவசரத்தில் அவள் சொன்ன ஒற்றை வரி. அறுக்கும் இயந்திரம் என்று சொல்லவில்லை.

"கட்டரைச் சொன்னேன்," என்றாள். "நான் அந்த மெஷினைத்தான் சொன்னேன்."

எலக்ட்ரீசியன் எழுந்து நின்றார். "தெரிஞ்சே மறைக்கிறீங்கன்னு நெனச்சேன் மேடம். டிரைவர் பேரை எழுதினப்போ நீங்க தப்பிச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். ஸ்விட்சைப் போட்டது என் கை. வாயைத் திறந்தா நானும் உள்ள போவேன். ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"நாப்பது நாள்," என்றாள் அவள். அது அவருக்குச் சொன்னதா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. விபத்தன்று பேருந்து சத்தம் போட்டதா என்று ஒருவரையும் அவள் கேட்கவில்லை. போட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். எளிதாக ஒரு பெயர் கிடைத்தது, எழுதிவிட்டாள்.

டைம்கீப்பர் எழுந்தார். "கண்டுபிடிச்சுக் கொடுக்கிறதுதான் என் வேலை. மேற்கொண்டு உங்க பாடு," என்று சொல்லிவிட்டு, இன்னும் நிறம் திரும்பாத மச்சினனின் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார்.

பேருந்தை அசைக்கக் கூடாது என்று அவள் எழுதிக்கொடுத்தாள். புது அறிக்கையில் முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டாள். எலக்ட்ரீசியன் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதிக் கையெழுத்திட்டார். திறப்பு விழா தள்ளிப்போனது. மேலிடத்திலிருந்து வந்த அழைப்புகளை அவள் எடுக்கவில்லை.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே, வேலை நிறுத்திவைக்கப்பட்ட ஓட்டுநரின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும் வழிவிடாமல் நின்றாள். உள்ளேயிருந்து அவரே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சத்தம் வரவில்லை, வந்திருக்க வழியில்லை, காரணம் தன் வார்த்தை என்று. மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து சிறுத்துப்போனது.

ஓட்டுநர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு வண்டியை எடுக்கும்போது எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா," என்றார். "தினமும் கேக்குமே, இன்னிக்கு ஏன் கேக்கலைன்னு ஒரு நொடி தோணுச்சு. அப்புறம் நடந்தது நடந்துபோச்சு. என் காதுதான் போயிடுச்சுன்னு மூணு டாக்டர்கிட்ட போனேன். காது நல்லா இருக்குன்னு மூணு பேரும் சொன்னாங்க. நான் நம்பலை."

அவர் மனைவி கதவிலிருந்து கையை எடுத்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பொறியாளர் வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.