வன்ம எண் இரண்டு

காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர் யாரும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் தலைக்கு மேலே, வளைவில் ஒளிரும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

"பதினாலா? நேத்து ஒம்பதுதானே இருந்துச்சு? காலைல தம்பிகூடச் சண்டை போட்டயா?" என்று கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தாய் கத்துகிறாள். மகள் பதில் சொல்லாமல் உள்ளே போகிறாள். வாயைத் திறந்தால் பதினாலு இருபதாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வளைவின் பெயர் அகமானி. அதன் கீழே நடப்பவரின் நாடி, மூச்சு, தோலின் சூடு, கண்மணியின் அசைவு எல்லாவற்றையும் மூன்று நொடியில் அளந்து, மனத்துக்குள் எவ்வளவு வன்மம் இருக்கிறது என்று நூற்றுக்கு ஓர் எண் போடும். முப்பது வரை பச்சை. அறுபது வரை மஞ்சள். வட்டாரத்துக்கு ஒருவராக இருக்கும் ஆலோசகரைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகலாம். அதற்கும் மேலே சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் வெளிக்கதவும் உட்கதவும் சேர்ந்து மூடிக்கொள்ளும், காவல் நிலையத்துக்குச் செய்தி போகும்.

மேலக்குறிச்சிப் பள்ளிக்குள் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வீட்டிலேயே அச்சடித்த துப்பாக்கியோடு நுழைந்த பிறகு வந்த ஏற்பாடு இது. ஏன் நடந்தது என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். பையன் மாதக்கணக்கில் அவமானப்பட்டிருக்கிறான், என்னப்பா என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆயுதம் சுலபமாகக் கைக்கு எட்டியிருக்கிறது என்று குழு எழுதியது. கேட்பதற்குப் பள்ளிதோறும் ஆள் போடுங்கள் என்றும் எழுதியது. ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும், வளைவுக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். அதனால் வளைவு வந்தது. மனசே தெரிந்துவிடும்போது பையைச் சோதிப்பானேன் என்று, பை பார்க்கும் காவலர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் எண் என்று ஒன்றைக் கண்ணில் காட்டிவிட்டால் நம் மக்கள் சும்மா இருப்பார்களா? ஓராண்டுக்குள் திருப்பூர் முழுக்கப் பயிற்சி மையங்கள் முளைத்தன. கோபத்தைக் குறைக்க அல்ல, எண்ணைக் குறைக்க. 'வன்மம் 4! மாவட்டத்தில் மூன்றாமிடம்!' என்று சிரித்த முகங்களோடு தெருமுனைகளில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. நல்ல கல்லூரிகளும் வன்ம எண்ணைக் கேட்க ஆரம்பித்ததும், விடுமுறையில்கூடப் பிள்ளைகள் அமைதியாக இருக்கப் பழகினார்கள்.

அந்த மையங்களில் பெரியது மோனிஷாவுடையது. கணவர் பின்னலாடை வேலையாக எத்தியோப்பியாவில். இவள் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, பழைய அகமானி ஒன்றை வாங்கி நிறுத்தி, குளத்து நிலை என்ற முறையைச் சொல்லிக்கொடுத்தாள். கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் அழுத்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டு, காற்றில்லாத குளத்தை நினை. இவ்வளவுதான் வித்தை. மையத்தின் ஃப்ளெக்ஸில் இருந்தது அவளுடைய மகன் ஆதிரன். பதினோராம் வகுப்பு, வன்ம எண் இரண்டு, மாவட்டத்தில் முதலிடம்.

ஒரு சனிக்கிழமை மதியம், ஆதிரனின் விளையாட்டு ஆசிரியர் லாரன்ஸ் மையத்துக்கு வந்தார்.

"மேடம், ஆதிரனைப் பத்தி ஒண்ணு பேசணும்."

"சொல்லுங்க சார். எண் ஏதாச்சும் ஏறிருச்சுங்களா?"

"ஏறல. அதான் வந்தேன்."

அவர் உட்காரவில்லை. "புதன்கிழமை நாலு பசங்க அவனைக் கழிவறைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. மேல இருந்து தண்ணிய ஊத்தி, சிரிச்சு, படமும் எடுத்திருக்காங்க. நான் போய்த் திறந்தப்ப தொப்பலா நனைஞ்சு நின்னான். இது முதல் தடவை இல்லையாம். விதிப்படி வளைவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வந்துச்சு."

மோனிஷாவுக்கு முதலில் வந்தது பெருமைதான். "பாத்தீங்களா சார், பயிற்சின்னா இதுங்க."

"மேடம், கதவைத் திறந்துவிட்ட எனக்கு எழுபத்தொண்ணு. கதவெல்லாம் மூடி, போலீஸ் வந்து விசாரிச்சு, மத்தியானம் வரைக்கும் என்னை உள்ளயே விடல. நனைஞ்சவனுக்கு ரெண்டு. எனக்குப் பயமா இருக்கு. ஆலோசகர்கிட்ட சொன்னேன், பச்சையில இருக்கற பையனைப் பாக்க விதியில்லைங்கறாங்க."

மோனிஷாவின் முகம் மாறியது. எதிர்த்தெருவில் தென்றல் பயிற்சி மையம் போன மாதம்தான் திறந்திருந்தது. "உங்களை யாருங்க அனுப்புனாங்க? தென்றல்காரங்களா? என்ற பையன் பேரைக் கெடுத்தா சேர்க்கை அங்க போயிரும்னுங்களா?"

லாரன்ஸ் வாசல் பக்கம் திரும்பினார். "பையனைப் பாருங்க மேடம். எண்ணை இல்ல, பையனை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

அவர் போனதும் இரண்டு ஃபோன் போட்டு, லாரன்ஸுக்கும் தென்றலுக்கும் உறவு உண்டா என்று மோனிஷா விசாரித்தாள். ஒன்றும் இல்லை. சந்தேகம் ஒருமுறை கிளம்பிவிட்டால் திரும்பிப் போகத் தெரியாது; வேறு ஆளைத் தேடும். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே அது ஆதிரன்மேல் வந்து உட்கார்ந்தது.

"புதன்கிழமை ஸ்கூல்ல ஏதாச்சும் நடந்துச்சா கண்ணு?"

"ஒண்ணுமில்லம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தோசையைப் பிய்த்த வலக்கையைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த இடக்கையைப் பார்த்தாள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டிருந்தது.

இங்கே வளைவு ஏது? வீட்டில், பெற்றவளுக்கு எதிரே, இவன் ஏன் குளத்து நிலையில் உட்கார்ந்திருக்கிறான்? இது எப்போது ஆரம்பித்தது? ஏழாம் வகுப்பில் ஒருநாள் நாற்பத்தொன்று வாங்கி, பசங்க என்னைக் கேலி பண்றாங்கம்மா என்று தேம்பிக்கொண்டு வந்தான். இவள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, விரலை அழுத்தச் சொல்லிக்கொடுத்தாள். அதன்பிறகு அவன் அழுது அவள் பார்த்ததில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவனை மையத்துக்குக் கூட்டிப்போய்ப் பழைய அகமானிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஒரே ஒரு தடவை, பயிற்சி இல்லாம சும்மா நடந்து வா சாமி."

நடந்தான். இரண்டு.

"விரலை விடு. குளத்தை நினைக்காத. அந்த நாலு பேரை நினை."

கையை விரித்துக் காட்டியபடியே நடந்தான். இரண்டு.

"ஆதி, நெசமா வாடா!"

"இதாம்மா நெசம்." அவன் குரலில் எரிச்சல்கூட இல்லை. "வேற மாதிரி எப்படி வர்றதுன்னு எனக்கு மறந்துபோச்சு."

திங்கள் காலை அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவனுடைய பையை நோக்கிக் கை நீட்டினாள். தினமும் அவள்தான் வைப்பாள். அவன் பையை மார்போடு இழுத்துக்கொண்டான்.

"மத்தியானம் சாப்பாடு வேண்டாம்மா."

"ஏன் கண்ணு? எலுமிச்சைச் சாதம், உனக்குப் பிடிக்குமே."

"வேண்டாம்மா" என்று சிரித்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டான். மோனிஷா டிபன் பாக்ஸோடு வாசலிலேயே நின்றாள். பையை ஏன் தொடவிடவில்லை? மதியம் என்று ஒன்று வரும் என்றே இந்தப் பிள்ளை ஏன் நினைக்கவில்லை? அடுத்த நிமிஷம் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆதிரன் வளைவின் கீழே இருந்தான். இரண்டு. பச்சை. உட்கதவுக்குப் போகும் சின்ன முற்றத்தில் அவன் கால் வைத்துவிட்டான்.

"அவனை உள்ள விடாதீங்க! அந்தப் பைய வாங்கிப் பாருங்க!"

வளைவைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி சிரித்தார். "யாரு மேடம், ஃப்ளெக்ஸ்ல இருக்கற தம்பியவா? ரெண்டு வந்திருக்குங்க."

அவரைத் தள்ளிவிட்டு மோனிஷா வளைவுக்குள் ஓடினாள். விரலை அழுத்தவில்லை. குளத்தை நினைக்கவில்லை. தலைக்கு மேலே தொண்ணூற்று மூன்று என்று எரிந்தது. ஊரே கேட்கும்படி அபாயச் சங்கு ஊதியது. வெளிக்கதவு மூடியது, ஆதிரனுக்கு முன்னால் இருந்த உட்கதவும் மூடியது.

இரண்டு காவலாளிகள் அவளை வளைவின் கீழேயே பிடித்து நிறுத்தினார்கள். மகன் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்தது அவள் முகத்தை அல்ல, எண்ணை.

"பாருடா! நல்லாப் பாரு! அம்மாவுக்குத் தொண்ணூத்தி மூணு!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "உன்னைப் பூட்டி வெச்சுத் தண்ணி ஊத்துனானுங்களேன்னு எனக்கு இவ்வளவு கோவம் வருதுடா. அதைக் கேக்காம ஃப்ளெக்ஸ் வெச்சேனே, அந்தக் கோவமும் இருக்கு. உனக்கு வரலையா? கொஞ்சங்கூடவா வரலை?"

முற்றத்தில் சிக்கிய பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முற்றத்திலேயே இருந்த லாரன்ஸ் ஆதிரனுக்குப் பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தார்.

"வருதும்மா" என்றான் ஆதிரன்.

பையைக் கழற்றிக் கீழே வைத்தான். லாரன்ஸ் அதைக் காலால் தள்ளி, குனிந்து எடுத்துக்கொண்டார். உள்ளே விளையாட்டுச் சட்டையில் சுற்றி வைத்திருந்த அச்சுத் துப்பாக்கி கனமாகக்கூட இல்லை. ஆதிரன் வளைவை நோக்கி நடந்து வந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினான். மேலே அவனுடைய எண் இரண்டிலிருந்து ஏறி எண்பத்தெட்டில் நின்றது. மகனுடைய எண் ஏறியதைப் பார்த்து மோனிஷா சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அவன் இப்போது சீர்திருத்த இல்லத்தில் இருக்கிறான். வாராவாரம் போய்ப் பார்க்கிறாள். அவன் அவளைத் திட்டுகிறான், உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறாள். லாரன்ஸும் சிலநாள் கூட வருகிறார்.

அரசின் அறிக்கை வேறு விதமாக வந்தது. சரியான நேரத்தில் அகமானி சிவப்பு காட்டிக் கதவுகளை மூடியதால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது என்றது. யாருக்குச் சிவப்பு காட்டியது என்பதை ஒரு வரியில் சொல்லி, அதற்கும் தீர்வு கண்டது: இனிமேல் பெற்றோரும் தினமும் வளைவின் கீழே வர வேண்டும். அறுபதைத் தாண்டும் பெற்றோரின் பிள்ளைக்கு அன்று வகுப்பு கிடையாது.

மோனிஷா மையத்தை மூடி, ஃப்ளெக்ஸையும் கழற்றிவிட்டாள். அப்படியும் அடுத்த வாரம் படிக்கட்டில் வரிசை நின்றது. இந்தத் தடவை எல்லாரும் பெரியவர்கள். முதலில் நின்றவர் சாயப்பட்டறை முதலாளி, பத்தாம் வகுப்புப் பெண்ணின் அப்பா.

"அறுபத்திரெண்டு வருதுங்க மேடம். ஒரு வாரத்துல இறக்கிரலாம்ங்களா?"

"மையம் மூடியாச்சுங்க" என்றாள். பிறகு ஏதோ தோன்றி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. என்ன கோவம்னு சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய வளைவைப் பார்த்தார். படியில் நிற்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"கோவமா? எனக்கா?" என்று சிரித்தார். "ஒண்ணுமில்லைங்களே."

அவர் இடக்கை வேட்டி மடிப்புக்குள் போயிருந்தது; கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்துவது துணிமேல் தெரிந்தது.