நிலவறையில் ஒரு விசாரணை

"ஆ...!"

நிலவறை அதிர்ந்தது.

ஒஸ்லோ. 2006. ஒரு ஞாயிறு மதியம். 'கம்யூனிச ஆட்சியில் வாழ்க்கை' என்ற கண்காட்சிச் சுற்றுலாவின் கடைசி இடம் அது. போலி விசாரணை அறை. கண் கூசும் விளக்கு.

வழிகாட்டி விக்தோர் நெற்றி பிளந்து கிடந்தான். ருமேனியச் சிறையில் வதைபட்டுத் தப்பி வந்தவன் என்று இவ்வளவு நேரமும் கதை சொன்னவன்.

எதிரே, பயணிகளில் ஒருவனான தாடிக்காரக் கிழவன். கையில், காட்சிக்கு வைத்திருந்த இரும்புக் கம்பி!

மனைவியோடு சுற்றுலாவுக்கு வந்திருந்த பிலேந்திரன் கைதட்டினான்.

"நல்லா நடிக்கிறாங்கள், என்ன ரஞ்சி?"

"விசரே உங்களுக்கு? அது உண்மை ரத்தமப்பா!"

மனைவி மரியரஞ்சனி மருத்துவமனைத் தாதி. அவளுக்குத் தெரியாத ரத்தமா?

மற்றவர்கள் அலறிக்கொண்டு படியேறினார்கள். கம்பி மறுபடி உயர்ந்தது. பிலேந்திரன் குறுக்கே பாய்ந்தான்.

மளுக்!

தோள் எலும்பு. ஆனாலும் கிழவனோடு சேர்ந்து உருண்டான். கம்பி தெறித்தது.

"விடாதீர்கள்!" விக்தோர் நோர்வேஜிய மொழியில் கத்தினான். "சிறையில் என்னை வதைத்தவன் இவன்தான்! போலீஸ் வரும்வரை கட்டி வைப்போம்!"

எழுந்து, காட்சிக்கு வைத்திருந்த கயிற்றை எடுத்தான். கிழவனின் முழங்கைகளை முதுகுக்குப் பின்னால் சேர்த்து இழுத்தான். ஒரே நொடியில் முடிச்சு... கண்ணில் ரத்தம் வழிய, பார்க்காமலே!

கிழவன் வாய் திறந்தான். விக்தோரின் சப்பாத்து அதை மூடியது. இரண்டு பற்கள் தரையில்!

மரியரஞ்சனி விறைத்தாள். தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்து ராணுவ முகாம் ஒன்றில், இப்படித்தான் அவளைக் கட்டினார்கள்.

"இஞ்சருங்கோ... அடி வாங்கினவனுக்கு இப்பிடிக் கட்டத் தெரியாது."

"என்ன சொல்லுறீர்?"

"கட்டிக் கட்டிப் பழகின கையப்பா அது!"

கிழவன் ரத்தத்தைத் துப்பினான்.

"குரலை வைத்துக் கண்டுபிடித்தேன்... அந்தச் சிறையில் என் மனைவியை அடித்தே கொன்ற அதிகாரி இவன்!"

விக்தோர் சிரித்தான். குனிந்து கம்பியை எடுத்தான்.

"ஆக, மூன்று சாட்சிகள்..."

முதலில் பிலேந்திரனை நோக்கி ஓங்கினான்.

மரியரஞ்சனி நாற்காலியைத் தூக்கினாள். முகாமில் திருப்பி அடிக்க முடியாமல் போன அத்தனை அடியும் அதில் இறங்கியது. ஒன்று... இரண்டு... விக்தோரின் தாடை பிளந்தது. மூன்றாவது தேவைப்படவில்லை!

ஓடியவர்கள் அழைத்த போலீஸ் வந்தபோது, அவள் கிழவனின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பிலேந்திரன் தோளைப் பிடித்தபடி முனகினான்.

"அப்ப, அவன் இவ்வளவு நேரமும் சொன்னது முழுக்கப் பொய்யே?"

"இல்லையப்பா, எல்லாம் உண்மைதான்... அடி வாங்கினது மட்டும் வேறை ஆள்!"