நிழல் நல்ல பெண்

நீர்முனை நகர் முழுக்கக் கறுப்புக் கொடி. சாம்பல் ஆலைக்கு இரண்டாவது புகைபோக்கி வராது என்று போன தேர்தலில் ஆளுங்கட்சி சத்தியம் செய்தது. இப்போது வீடுகளுக்குப் பின்னாலேயே அஸ்திவாரம் தோண்டிக் கிடக்கிறது. இன்றைய தேர்தலில் யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவெடுத்துத் தெரு கதவைச் சாத்திக்கொண்டது.

சாயங்காலம் எழிலரசி வெளியே வந்தபோது, அவிழ்ந்து விழுந்த கொடியை அவள் கேட்டில் மறுபடி கட்டிக்கொண்டிருந்தான் டில்லிபாபு. ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர்.

"இன்னாண்ணே, உங்க கட்சிக்கு எதிரா கட்டின கொடி அது."

"தெரியும் தங்கச்சி. துணியே நாங்க வாங்கிக் குடுத்ததுதான்."

உள்ளே தாசு இருமினான். அவள் கணவன். ஆலையில் சாம்பல் அள்ளியவன். இப்போது மூக்கில் குழாய் இல்லாமல் படுக்க முடியாது. இன்னொரு புகைபோக்கி எழும்பினால் தாங்கமாட்டான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாடகைக்கு வேறு இடம் போக வழியில்லை.

"தெருவே ஓட்டுப் போடல. உங்களுக்கு அசிங்கமா இல்ல?"

"யாரு போடல? நேரம் முடிஞ்சதும் உங்க நிழலுங்க போடும்ல?"

வாக்குநிழல். எந்த ஓட்டும் வீணாகக் கூடாது என்று வந்த சட்டம். ஒருவர் முன்பு நேரில் அழுத்திய ஓட்டுகளை மட்டும் தின்று வளரும் அறிவுப்பொறி அது. வராதவருக்காக, அவர் முதல் ஓட்டின்போது பதிந்த குரலில் பெயருக்குப் பதில் சொல்லி, அதுவே அழுத்தும். நமக்கு வந்த கோபம் நம் நிழலுக்கும் வந்திருக்கும் என்று தெருவே நம்பியிருந்தது. பட்டம் வாங்கிய எழிலரசியும்தான்.

"போன தடவ நீ எங்களுக்குக் குத்தினது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். மறியலும் தெரியாது, கறுப்புக் கொடியும் தெரியாது" என்றான் டில்லிபாபு. "நீ நேர்ல வந்தா இன்னா குத்துவியோன்னு எனக்கு பயமா இருக்கும். உன் நிழலு நல்ல பொண்ணு. நாங்க இன்னா செஞ்சாலும் எங்களுக்குத்தான் போடும்."

"எதிர்ல நிக்கிறவனும் யோக்கியன் இல்லியே."

"இல்லதான். ஆனா எங்களுக்கு ஓட்டு கொறஞ்சா பள்ளத்த மூடிட்டுத்தான் மறுவேல பாப்போம். யாரும் கொறைக்கலியே. எதுக்கு மூடணும்?"

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் நேரம் முடிந்திருந்தது, ஆளே இல்லை. அதிகாரி வீட்டு வரிசைப்படி பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் வந்தது. எதிர்வீட்டு மல்லிகா. பக்கத்து வீட்டு யேசுபாதம். எல்லாம் இளவயதுக் குரல்கள். எல்லாவற்றிலும் சந்தோஷம்.

"எழிலரசி."

"வந்துட்டேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லும் அந்தப் பெண் யார் என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"சார், நான் இங்க நிக்கிறேன்."

"உங்க ஓட்டு விழுந்துடுச்சும்மா. இனிமே அடுத்த தேர்தல்தான்."

"அதுவரைக்கும் எங்க வூட்டுக்காரர் இருக்கமாட்டாரு சார்."

அவர் நிமிராமல் அடுத்த பெயரை வாசித்தார்.

"தாசு."

"வந்துட்டேன்."

இருமல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. ஆலையில் சேருவதற்கு முந்தைய தாசு, நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு பேசினான்.

புகைபோக்கிக்கு அவன் ஓட்டும் விழுந்தது.