கிளாட்வினுக்கு வைத்த எலும்புகள்

தேநீர் டம்ளரோடு சுஜிதா மேசைக்குத் திரும்பியபோது, மடிக்கணினித் திரையில் நின்ற உருவத்தின் இடது முழங்கை மடங்கியிருந்தது.

நேராக நீட்டித்தான் வைத்துவிட்டுப் போனாள். ரிக்கிங் பாடத்தில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். முப்பரிமாண உருவம் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்க வேண்டும். அதற்குள் இடுப்பில் தொடங்கி முதுகு, கழுத்து, தோள், கை, கால் என்று ஒவ்வொரு எலும்பாக வைத்து, எந்த எலும்பு அசைந்தால் எந்தத் தோல் கூடவே போக வேண்டும் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். பிறகுதான் உருவம் நடக்கும்.

பாடத்தில் பழகுவதற்குக் கொடுத்த பொம்மையை அவள் எடுக்கவில்லை. எடுத்தது அவள் அண்ணன் கிளாட்வினை. போன வருடம் மொட்டைமாடியில் அவனை நிறுத்தி, கைபேசியால் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து உருவமாக்கி வைத்திருந்தாள். "ஏளா, எவ்வளவு நேரம் சிலுவையில நிக்க மாதிரி நிக்கது? கை கடுக்குது" என்றான் அன்று. அடுத்த மாதமே சங்கு குளிக்கப் போனவன் கடலிலிருந்து ஏறவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை. கோயிலில் பூசை வைத்தார்கள். அம்மா தேவமணி மட்டும் அவன் படத்துக்கு மாலை போட விடவில்லை.

அவன் ஒரு தடவை நடந்து வருவதைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சுஜிதா இதைப் படித்தாள்.

முழங்கையை நிமிர்த்தினாள். வெளியே பிற்பகல் மழை தகரக்கூரையில் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. அம்மா துவைக்கவிடாமல் ஆணியில் மாட்டிவைத்திருந்த கிளாட்வினின் சட்டையிலிருந்து டீசலும் பாசியும் கலந்த வாடை, மழை ஈரத்தில் இன்று காலையில்தான் அவன் கழற்றிப் போட்டதுபோலக் கிளம்பி அறையை நிறைத்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை மடங்கியது.

மெதுவாக. யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பதுபோல. தோள் சாய்ந்தது, முதுகு வளைந்தது. வலது கை வந்து இடது கையைப் பற்றி இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது.

அசைவு எதையும் அவள் பதிவு செய்திருக்கவில்லை. மென்பொருளை மூடித் திறந்தாள். வேறு கோப்பில் புதிதாக எலும்புகள் வைத்தாள். இரண்டு தடவை தப்பிப்போய், மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அதே இடது கை. அதே இழுப்பு.

கிளாட்வினோடு சேர்ந்து சங்கு குளிக்க இறங்கியவன் ஜோன்ஸ். படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து இருவருக்கும் குழாயில் காற்று வரும். கலங்கல் தண்ணீரில் கிளாட்வின் எங்கே போனான் என்று பார்க்கவில்லை என்றுதான் ஜோன்ஸ் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். சுஜிதா அவனைக் கைபேசியில் அழைத்தாள்.

"ஜோன்ஸ் அண்ணே, கடலுக்குள்ள அண்ணனுக்கு இடது கை எங்கயும் மாட்டிச்சா?"

மறுமுனையிலும் மழை பெய்துகொண்டிருந்தது.

"யாருளா சொன்னா?"

"சொல்லுங்கண்ணே."

"பாறை இடுக்குல சங்கு கிடக்குன்னு கைய விட்டான். முழங்கை வரைக்கும் சிக்கிட்டு. அந்நேரம் பாத்து மேல கம்ப்ரசர் நின்னுபோச்சு. எனக்கும் காத்து இல்ல சுஜி. இழுத்துப் பாத்தேன்... வரல." "விட்டுட்டு ஏறிட்டேன். என்னயவே பாத்துக்கிட்டு இருந்தான்."

அவள் கைபேசியை வைத்தாள். ஜோன்ஸைத் திட்ட வேண்டும்போலக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தக் கையின் எலும்பைப் பிடித்தாள்.

"விடுண்ணே," என்றாள் திரையிடம். "நான் எடுத்து விடுதேன்."

தோளைக் கொஞ்சம் திருப்பினாள். மணிக்கட்டை உள்பக்கமாக மடித்தாள். முழங்கையைத் துளித்துளியாக மேலே தூக்கினாள். கை விடுபட்டது. பக்கத்தில் தளர்ந்து தொங்கியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

உருவம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

வாய் திறந்தது.

வாய்க்கு அவள் எலும்பு வைத்திருக்கவில்லை.

மூடியது. திறந்தது. அகலமாக. இன்னும் அகலமாக. சத்தமே இல்லை. மின்வயரைப் பிடுங்கினாள். பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை அணையவில்லை. வாய் நிற்கவில்லை.

"ஏளா."

அம்மா. வாசலில். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"எம்புள்ளைக்கு மூச்சு முட்டுது. நீயும் பாத்துக்கிட்டே இருக்கியே!"

"அம்மா, அது அண்ணன் இல்லம்மா..."

தேவமணி அவளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மடிக்கணினியின் திரையை, முகத்தை ஏந்துவதுபோல இரு கையாலும் ஏந்தினாள். அந்த வாயில் தன் வாயை வைத்து ஊதினாள். கண்ணாடியில் ஆவி படிந்து மறைந்தது. மறுபடி ஊதினாள். மறுபடி. சுஜிதா தோளைப் பிடித்து இழுத்தாள். அம்மா அசையவில்லை.

கடைசியில் மூச்சு வாங்கத் தலையை எடுத்தாள்.

கண்ணாடி தெளிந்தது.

பிறகு, அந்த வாய்க்கு நேராக, உள்பக்கமிருந்து ஆவி படிந்தது.